கல்முனைக் குசினியும் லயத்து அடுப்பும்

இம்முறை அடுப்பைப் பற்றி எழுதுகிறோம். "அடுப்பப் பத்தி எழுத என்னங்க இருக்கு? மூணு கல்லு, நாலு வெறகு" என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் அண்மைக் காலத்தில் நாம் லயங்களுக்குப் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "இந்தக் கல்லடுப்பே போதுமா, இல்ல களிமண் அடுப்பு வாங்கி வைக்கணுமா?" என்பதுதான் அது. கேட்பவர்கள் பெரும்பாலும் கைப்பிள்ளைக்காரிகள். பிள்ளைக்கு இருமல், தனக்குக் கண்ணெரிச்சல், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் விறகு தேடும் வேலை. ஆகவே இது சிரிக்கும் விஷயமில்லை.

இதற்கு விடை தேடும்போது எமக்கு உதவியது மலையகமல்ல, கல்முனைப் பக்கம். மருதமுனைக் கைத்தறிச் சாரத்தையும் சேலையையும் நம்மில் அறியாதார் யார்? அந்தப் பக்கம் ஒரு வேலையாகச் சென்றபோது சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் பகல் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். மீன் ஆணமும் சோறும் வருவதற்குள் நாம் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டோம். தோட்டத்து வழக்கம் விடுமா!

அங்கே இரண்டு அடுப்புகள் இருந்தன. வீட்டோடு ஒட்டாமல் தனியாகக் கட்டிய குசினிக்குள் களிமண்ணால் மூடிக் கட்டிய இரட்டை அடுப்பு. வளவின் பின்பக்கம், தென்னை மரத்துக்கு அப்பால், கரி பிடித்த மூன்று கல். எதற்கு இரண்டு என்று கேட்டோம். அந்த வீட்டு ராத்தா சொன்னார்: "கச்சான் காத்து அடிக்கக்குள்ள வெளியில நெருப்பு மூட்ட ஏலாது தம்பி. ஒரு பொறி பறந்தா வேலி போயிரும், வேலி போனா ஊடு போயிரும். ஒங்கட பக்கம் நெருப்புக் குளிருக்கு உதவும். எங்கட பக்கம் அது காத்தோட சேந்தா எதிரி."

கச்சான் என்பது தென்மேற்கிலிருந்து மலைகளைத் தாண்டி வரும் காற்று. நம் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்குக் கரைக்குப் போகும்போது அது வரண்டு சூடாகிவிடும். ஆனி, ஆடி மாதங்களில் அங்கே ஓலையும் கிடுகு வேலியும் பொரியும் அளவுக்குக் காய்ந்திருக்கும். நமக்கு மழை தரும் அதே காற்று அவர்களுக்கு அனல் தருகிறது. அந்தக் காற்றில் நாற்புறமும் திறந்த அடுப்பு எப்படி இருக்கும்? தீ ஒரு பக்கம் சாய்ந்து ஓடும், பானை மறுபக்கம் பச்சையாய் நிற்கும். தென்னை மட்டையும் பொச்சும் சிரட்டையும் எரிந்து முடிந்துவிடும், சோறு மட்டும் வேகாது. மூடிய அடுப்பு அங்கே வேண்டப்படுவதற்கு முதற் காரணம் புகையல்ல, காற்று.

நமது லயத்திலும் இதே கதைதான். காற்று மட்டும் வேறு வழியாக வருகிறது. இஸ்தோப்பில் அடுப்பு வைத்தவர்களுக்குத் தெரியும்: மலைச் சரிவிலிருந்து வரும் ஊதல் தீயை ஒரு பக்கமாகத் தள்ளும். அதைத் தடுக்கத் தகரத்தையும் உரச்சாக்கையும் கட்டுகிறோம். காற்று நிற்கிறது, புகையும் உள்ளேயே நின்றுவிடுகிறது.

மூன்று கல் அடுப்பில் விறகு தரும் வெப்பத்தை நூறு பங்காக வைத்தால், பானைக்குள் சேர்வது பொதுவாகப் பத்துப் பதினைந்து பங்குதான். மிச்சமெல்லாம் பக்கவாட்டில் சுவருக்கும், மேலே கூரைக்கும், குனிந்து ஊதும் அம்மாவின் முகத்துக்கும் போகிறது. தீயைச் சுற்றிச் சுவர் எழுப்பி, விறகு நுழைய ஒரு வாயும் பானை உட்கார ஒரு குழியும் மட்டும் விட்டால் இரண்டு நன்மைகள் உண்டு. குளிர் காற்று அளவோடு நுழைகிறது; சுவாலை பானையின் அடியைத் தழுவிக்கொண்டு போகிறது. நன்றாகச் செய்த களிமண் அடுப்பு இருபது பங்குக்கு மேலும் பானைக்குக் கொடுக்கும். பத்துக்கும் இருபதுக்கும் வித்தியாசம் சின்னதாகத் தோன்றும். ஆனால் அதே சோற்றை ஆக்கப் பாதி விறகு என்பதுதான் அதன் பொருள். வீட்டில் நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. பானை பொருந்தாது, விறகு ஈரமாயிருக்கும், கவனம் சிதறும். மூன்றில் ஒரு பங்கு மிச்சமானால் நல்ல அடுப்பு என்று கொள்ளலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குடும்பம் நாளைக்குப் பத்துக் கிலோ விறகு எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 300 கிலோ. மூன்றில் ஒரு பங்கு என்றால் 100 கிலோ. தலைச்சுமை ஒன்று 25 கிலோ என்றால் அது நாலு சுமை. மலையேறி இறங்கி நாலு சுமை சுமக்கும் நேரம் பெண்களுக்கு மிச்சம். கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகலாம், பிள்ளையின் கொப்பியைப் பார்க்கலாம், சும்மா கால் நீட்டி உட்காரவும் செய்யலாம். அதற்கும் உரிமை உண்டு.

அடுத்தது புகை. புகை என்பது எரியாமல் தப்பிப்போகும் விறகுதான். நல்ல சூட்டில், போதிய காற்றில் எரியும் தீ குறைவாகப் புகையும். ஈர விறகில் நீர் ஆவியாகும்வரை தீ சூடேறாது. அதனால்தான் அது அழுதுகொண்டு புகைகிறது. வீட்டுக்குள் சமையல் புகையால் வரும் நோய்களினால் 2020இல் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். சளிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் நியுமோனியா, நெஞ்சடைப்பு, பக்கவாதம், நாட்பட்ட மூச்சுத்திணறல், கண்ணில் பூ விழுதல் எல்லாவற்றிலும் இந்தப் புகைக்குப் பங்கு உண்டு. "எங்க பாட்டி எம்பது வயசு வரைக்கும் பொகையிலதான் சமைச்சாங்க" என்று ஒருவர் எம்மிடம் வாதாடினார். சரிதான். ஆனால் அந்தப் பாட்டி கடைசிப் பத்து வருடம் எப்படி இருமினார் என்பதையும் அவரேதான் சொன்னார்.

முதுகில் கட்டிய பிள்ளையோடு அடுப்படியில் நிற்கும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. அடுப்பு மாற்றும்வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளையை அடுப்படிக்கு வெளியே பாட்டியிடம் விடுவது இன்றைக்கே செய்யக்கூடியது. அதற்குச் செலவில்லை.

இலங்கையில் இந்த வேலை புதிதல்ல. 1970களின் இறுதியிலேயே சர்வோதய இயக்கம் விறகு சிக்கன அடுப்புகளைச் செய்து பார்க்கத் தொடங்கியது. 1980களில் இலங்கை மின்சார சபையும் இதில் இறங்கியது. அந்த முயற்சிகளிலிருந்து பிறந்ததுதான் 'அனகி' அடுப்பு. சிங்களத்தில் அனகி என்றால் விலைமதிப்பற்றது என்று பொருள். பின்பு ஐடியா என்று சுருக்கமாக அழைக்கப்படும் கண்டி நிறுவனம் குயவர்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை நாடு முழுதும் பரப்பியது. சூளையில் சுட்ட ஒரே களிமண் துண்டு அது. முன்னால் விறகு வைக்க ஒரு வாய், மேலே இரண்டு பானைக்கு இடம். முதற் பானையைத் தழுவிய சூடு ஒரு சிறு வழியாகப் பின்பானைக்குப் போகும். முன்னால் சோறு கொதிக்க, பின்னால் குளிக்கத் தண்ணீரோ சாயத்தண்ணியோ சூடாகும். இரண்டாவது பானைக்கென்று தனி விறகு வேண்டாம்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அனகியில் புகைக்கூடு இல்லை. நன்றாக எரிவதால் புகை குறையுமே தவிர இல்லாமற் போகாது. கல்முனை வீட்டில் அது பெரிய குறையில்லை. குசினி தனியாக நிற்கிறது, சுவருக்கும் கூரைக்கும் இடையில் ஒரு முழம் வெளி, கடற்காற்று வேறு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், கதவைச் சாத்திக்கொண்டு, மாரியிலும் பனியிலும் சமைக்கும் நமக்கு அது போதாது. அங்கே நல்லது என்பதற்காக அப்படியே தூக்கிவந்து இங்கே வைத்தால் ஏமாற்றம்தான். நமக்கு மூடிய அடுப்போடு புகைக்கூடும் வேண்டும். அது முடியாவிட்டால் அடுப்புக்கு மேலே கூரையோரத்தில் புகை போக ஒரு திறப்பாவது வேண்டும்.

இன்னொரு வித்தியாசம் குளிர். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் அந்தப் பக்கத்து மலைகளில் பனி உறைந்து கொழுந்து கருகுவதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே அடுப்பு என்பது சமையலுக்கு மட்டுமல்ல, குடும்பம் முழுவதும் சுற்றி உட்காரும் இடம். மூடிய அடுப்பை வைத்த சில வீடுகளில் தாத்தாமார் கோபித்துக்கொண்டதும் நமக்குத் தெரியும். "கைய நீட்டினா சூடு தெரியல, இது என்னா அடுப்பு?" என்றார் ஒருவர். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பானைக்குப் போகும் சூடு தாத்தாவின் கைக்கு வராது.

இங்கே துரை பங்களாவை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய பங்களாக்களில் சுவருக்குள் குடைந்த குளிர்காயும் அடுப்பும் கூரைக்கு மேலே கல்லால் கட்டிய புகைக்கூடும் உண்டு. பார்க்க அழகு. ஆனால் விறகைத் தின்னும். அறையின் சூடான காற்றையே அது உறிஞ்சி மேலே அனுப்பிவிடும். அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கால் குளிர் காற்று உள்ளே வரும். முன்பக்கம் வேகும், முதுகு நடுங்கும். இது வெள்ளைக்காரருக்கே பழைய தொல்லை. அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்ளின் 1740களிலேயே இதற்காக இரும்பில் ஓர் அடுப்பு செய்து பார்த்தார். மூடிய அடுப்பு ஏழைக்கு மட்டும் சொன்ன யோசனை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அப்படியானால் குளிருக்கு என்ன செய்வது? களிமண் அடுப்பைச் சுற்றித் தடிப்பாக மண் பூசினால் அந்த மண் சூட்டைப் பிடித்து வைத்து, தீ அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் இளஞ்சூடாய் இருக்கும். படுக்கும் காம்பராவின் சுவரோடு ஒட்டிக் கட்டினால் அந்தச் சூடு வீண் போகாது. திறந்த தீயைப் போல் இருக்காது என்பதை ஒத்துக்கொள்கிறோம். ஆனால் ஒரு காரியத்தை மட்டும் எந்த வீட்டிலும் செய்யாதீர்கள். இரவில் தணலைச் சட்டியில் அள்ளிக் காம்பராவுக்குள் வைத்து, கதவு சன்னலை அடைத்துக்கொண்டு படுப்பது. தணலில் புகை இல்லை, ஆகவே ஆபத்தில்லை என்று எண்ணுகிறோம். அது தவறு. தணலிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் நஞ்சு வாயு வருகிறது. அதற்கு மணமில்லை, நிறமில்லை, இருமலும் வராது. தலையிடி, வாந்தி, மயக்கம், பிறகு எழும்பாத உறக்கம். பிள்ளை பெற்ற வீட்டில் தாயும் சிசுவும் குளிராமல் இருக்கத்தான் பெரும்பாலும் இப்படி வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வையுங்கள், போர்வையைக் கூட்டுங்கள்.

காஸ் அடுப்பைப் பற்றிக் கேட்பீர்கள். புகை விஷயத்தில் அதுவே சிறந்தது, சந்தேகமில்லை. ஆனால் 2021இன் முற்பகுதியில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானதையும், காசு கையில் இருந்தும் சிலிண்டர் இல்லாமல் நாட்கணக்காக வரிசையில் நின்றதையும் யாரும் மறக்கவில்லை. 2021 கடைசியில் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்தபோது பயந்து கைவிட்டவர்களும் உண்டு. அந்த நாட்களில் கல்முனையிலும் கொழும்பிலும் மாடி வீட்டுக்காரர்கூட விறகடுப்பைத் தேடினார்கள். காஸ் இருக்கிற வீட்டிலும் ஒரு நல்ல விறகடுப்பு கைகாவலாக இருக்கட்டும் என்பது எமது எண்ணம்.

விறகைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்முனைப் பக்கத்தில் தென்னையும், சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலை உமியும் உண்டு. உமியையும் மரத்தூளையும் தகர டின்னில் நடுவே ஒரு போத்தலை நிறுத்தி இறுக்கி அடைத்து, போத்தலை உருவிவிட்டு எரிக்கும் அடுப்பு அவர்களுக்குப் பழக்கம். நமக்குக் கவ்வாத்து மிளாறு, சவுக்கு, டர்பன்டைன். புதிதாக வெட்டிய விறகில் பாதி எடை தண்ணீர்தான். அதை நாம் சுமப்பதும் தண்ணீருக்காக, எரிப்பதும் தண்ணீரைப் போக்குவதற்காக. கவ்வாத்து மிளாறை மழை படாமல் இரண்டு மாதம் காயவிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். பிளந்த விறகு முழுக்கட்டையைவிடச் சீக்கிரம் காயும். பிளாஸ்டிக் சாக்கு, பழைய செருப்பு, மருந்துக் கேன் இவற்றைப் போட்டு நெருப்பு மூட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தப் புகை வெறும் விறகுப் புகையைவிடக் கொடியது.

இனி வைக்கும் முறை. களிமண் அடுப்பை வாங்கி வெறுமனே தரையில் வைத்தால் தட்டுப்பட்டு உடையும், சூடும் வெளியே போகும். புற்று மண், சாணம், நறுக்கிய வைக்கோல் அல்லது உலர்ந்த மானாப்புல் சேர்த்துப் பிசைந்து, அடுப்பைச் சுற்றி மூன்று விரற்கடை தடிப்பில் பூச வேண்டும். வாயையும் பானைக்குழியையும் மறைத்துவிடக் கூடாது. நிழலில் காயவிடுங்கள். அவசரப்பட்டு அன்றைக்கே பெரிய தீ போட்டால் வெடிப்பு விழும். வெடித்த இடத்தில் அதே மண்ணை மீண்டும் பூசலாம். உங்கள் வீட்டுப் பானையைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தே அடுப்பை வாங்குங்கள். பானைக்கும் குழிக்கும் இடையில் பெரிய சந்து இருந்தால் எல்லாச் சூடும் அதன் வழியே போய்விடும். அடுப்பை இடுப்பு உயர மேடையில் கட்டினால் முதுகுக்கும் நல்லது, தவழும் பிள்ளைக்கும் நல்லது. கொதிக்கிற சட்டியைக் கையால் இழுத்த பிள்ளைகள் எத்தனை பேரை நாம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம்!

புகைக்கூடு வைப்பவர்கள் தகரக் குழாயை மரச் சட்டத்தில் முட்டவிடாதீர்கள். ஒன்றரை அடியாவது விலகி இருக்கட்டும். லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ ஒரு காம்பராவோடு நிற்பதில்லை. குழாய் கூரையை விட்டு மூன்றடியாவது மேலே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். மாதம் ஒருமுறை கரியைத் தட்டி எடுங்கள். கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் நீங்களாக வெட்டவோ துளைக்கவோ வேண்டாம், அந்தத் தூள் நெஞ்சுக்குப் பொல்லாதது. தோட்ட நிருவாகத்திடம் சொல்லி அந்த இடத்துக்குத் தகரம் மாற்றித்தரக் கேளுங்கள். நாலு வீடு சேர்ந்து கேட்டால் மறுப்பது கடினம்.

புதிதாக ஏழு பேர்ச் காணியில் வீடு கிடைத்தவர்கள் சிலர் உள்ளே உள்ள குசினி கரி பிடிக்கும் என்று பயந்து, பின்னால் பொலித்தீன் விரிப்புக்குக் கீழே மூன்று கல் வைத்திருக்கிறார்கள். வீடு வெள்ளையாக இருக்கிறது, அம்மா மழையில் நனைகிறார். பின்னால்தான் சமைப்பதென்றால் அங்கேயே தகரக் கூரையோடு ஒரு சிறு குசினி கட்டிக் களிமண் அடுப்பை வையுங்கள். கல்முனைக்காரர் செய்வது அதைத்தான்.

மூன்று கல்லை அடியோடு தூக்கி எறியச் சொல்கிறோமா என்றால், இல்லை. சாய்ந்தமருது ராத்தாவிடம் குசினிக்குள் நல்ல அடுப்பு இருக்கும்போது பின்வளவுக் கல் ஏன் என்று மறுபடியும் கேட்டோம். கந்தூரிக்கும் கலியாணத்துக்கும் பெரிய கிடாரம் ஏற்றுவது அதில்தானாம். அனகியில் கிடாரம் உட்காராது. அப்புறம் கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். 2004 மார்கழி 26இல் கடல் வந்தபோது அவர்களது பழைய குசினி இருந்த இடமே தெரியவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் போன நாள் அது. "அண்டைக்கு மூணு கல்லுப் பொறுக்கித்தான் சோறாக்கின. அதுதான் வெச்சிருக்கன்" என்றார்.

நமக்கும் பொங்கல் பானை முற்றத்தில் மூன்று கல்லில்தான் பொங்கும். அது திறந்தவெளி, ஒரு பொழுது. நாம் பேசுவது வருடத்தில் மற்ற நாட்களைப் பற்றி, நாளைக்கு மூன்று வேளை, கூரைக்குக் கீழே எரியும் தீயைப் பற்றி. களிமண் அடுப்பு வைக்க விரும்பும் குடும்பங்கள் நமது நலன்புரி உத்தியோகத்தரிடமோ பிள்ளைமடுவப் பொறுப்பாளரிடமோ பெயர் கொடுத்து வையுங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் குயவரிடம் மொத்தமாக எடுக்கலாம், லொறிக் கூலியும் குறையும். வரும்போது உங்கள் பானையின் வாயையல்ல, வயிற்றை ஒரு நூலால் சுற்றி அளந்துகொண்டு வாருங்கள்.